மூன்றாவது வரி

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் சிஷ்யன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று ஆரம்பித்தால், இது கடிதமா அரசாங்கப் படிவமா என்று திட்டுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நான்தான் சரிசெய்தேன். அக்கா நம்ப மறுக்கிறாள், குழாய்க்கே அலுத்துப் போய் நின்றிருக்கும் என்கிறாள்.

போனில் பேசாமல் கடிதம் எழுதச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் பேச்சையே பேசிவிட்டு அறைக்கு வந்தால் வாயில் சொந்தப் பேச்சு ஒன்றும் மிச்சமிருப்பதில்லை, காது இரண்டும் கொதிக்கிறது, ஞாயிறுதோறும் எழுதுங்க, நானும் எழுதறேன் என்றாய். கட்டின புருஷனிடம் பேசக்கூட அலுப்பா என்று முணுமுணுத்தேன். நீ அந்த ஊர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்ப் பதினோரு மாதம் ஓடிவிட்டது. செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியில் உன் கடிதங்கள் நாற்பத்து மூன்று இருக்கின்றன. போனில் பேசியிருந்தால் இதில் ஒன்றுகூடக் கையில் நின்றிருக்காது. ஆகவே இந்த விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. இதை எழுத்தில் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

போன வாரம் நீ எழுதிய, கால் முறிந்த ஆளின் கதையை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நாலு மணி நேரம் காக்க வைத்த ஆத்திரத்தில் அவர் டாக்டரைப் பார்த்து, நாசமாப் போறவனே, உனக்கெல்லாம் எவன்யா டாக்டர் பட்டம் குடுத்தான் என்று தமிழில் கத்த, நீ அதைச் சூடு ஆறாமல் இங்கிலீஷில் டாக்டருக்குப் பரிமாறியிருக்கிறாய். மனுஷன் வெலவெலத்துப் போய், ஐயையோ, இதையுமா சொல்லிட்டே, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா என்றாராம். நீ அதையும் டாக்டரிடம் சொன்னாயாம். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அறைக்குள் யார் எதைச் சொன்னாலும் அடுத்தவர் மொழியில் சொல்லியாக வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, டாக்டர் 'நான்' என்றால் நீயும் 'நான்', நோயாளி 'நான்' என்றாலும் நீ 'நான்'தான். உங்கள் தொழிலின் இந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வெள்ளையடிக்க வேண்டும் என்று நம் தமிழ் வீட்டுக்காரர் வந்தார். சுவரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் சமையலறை அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' சீட்டு. இரண்டாவது வரியில் 'நீல நிலா வரும்போது ஒருமுறை'. மூன்றாவது வரியில் 'அத்தி பூத்தாப்பல'. அதற்குக் கீழே நீ பென்சிலில் சின்னதாக 'இவர் சமைப்பது' என்று எழுதி வைத்திருக்கிறாய் அல்லவா, அதைத்தான் படித்தார். இப்போது நான் தினமும் சமைக்கிறேன் என்பதை நாடறியச் சொல்லிக்கொள்கிறேன்.

பத்து வருஷமாக இந்தச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ ஊரில் இல்லாதபோதுதான் ஒழுங்காகப் படிக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரி வார்டில் சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு நோயாளி 'அண்டர் த வெதர்' என்று சொன்னதற்கு நீ ஜன்னலைத் திறந்து மழை வருகிறதா என்று பார்த்தாயே, அங்கே தொடங்கியது இது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பட்டியல் தாளைக் கிழித்து, அதன் முதுகில் எழுதிக்கொண்டு வந்தாய். முதல் வரி அவர்கள் சொல்வது. இரண்டாவது வரி சொல்லுக்குச் சொல், நாம் சிரிப்பதற்காக. மூன்றாவது வரி நம் வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படி. அந்த மூன்றாவது வரிக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். 'உடம்பு ஒரு மாதிரியா இருக்கு' என்று எழுதுவதற்கு முன்னால் 'உடல்நலக் குறைவு' என்று எழுதி அடித்திருக்கிறாய். எந்த நோயாளிம்மா வந்து எனக்கு உடல்நலக் குறைவுன்னு சொல்றான் என்று உன்னையே கேட்டுக்கொண்டாய்.

நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிற இடத்தில் அவர்கள் இரண்டு பறவைகளைக் கொல்கிறார்கள் என்று நீ கண்டுபிடித்த நாளில் அக்கா பாவம் பார்த்ததும், அந்தச் சீட்டைப் பழக்கூடையில்தான் ஒட்ட வேண்டும் என்று அடம் பிடித்ததும் நினைவிருக்கிறதா? கெட்டிலின் மேல் 'பானை கெட்டிலைப் பார்த்துக் கறுப்பு என்றதாம்', மூன்றாவது வரியில் 'ஈயத்தைப் பார்த்து இளிச்சுதாம் பித்தளை'. குளியலறை வாளியில் 'வாளியை உதைப்பது', அதாவது மண்டையைப் போடுவது. தினமும் குளிக்கும்போது சாவை நினைவூட்டுகிற ஒரே வீடு நம் வீடாகத்தான் இருக்கும். செருப்பு அலமாரியில் 'கால் சில்லிட்டுப் போச்சு', மூன்றாவது வரி 'கடைசி நேரத்துல பின்வாங்கறது'. என் துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் 'அலமாரிக்குள் எலும்புக்கூடு', அதாவது வெளியே சொல்லாமல் மூடி வைத்த வீட்டு ரகசியம். அதை என் அலமாரியில் ஒட்டியதற்கு இன்னும் நீ விளக்கம் சொல்லவில்லை.

எங்கள் ஜன்னல் கண்ணாடிக் கடை முதலாளி போன செவ்வாய் மாலை வழக்கம்போல 'லெட்ஸ் கால் இட் எ டே' என்றார். புதிதாகச் சேர்ந்த நம்மூர்க்காரர் ஒருவர் என்னிடம், எதை நாள்னு கூப்பிடச் சொல்றார் என்று கேட்டார். கடையைக் கட்டலாம் என்கிறார் என்றேன். உங்களுக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியுமா என்று வியந்தார். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது, மறைப்பானேன்.

இன்னும் ஐந்து வாரம். சோதனை வருஷம் முடிந்து வேலையை நிரந்தரமாக்கி விட்டார்கள் என்றால், இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே மாற்றல் கேட்கலாம். சாப்பாட்டு வண்டி தள்ளிய அதே வராந்தாவில் கழுத்தில் அட்டை தொங்க நீ நடந்து வருவதைப் பார்க்க வேண்டும் எனக்கு. அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து வாசலில் நிற்பேன்.

அக்கா நலம். கொஞ்சம் அண்டர் த வெதர், அவ்வளவுதான். ஒன்றும் யோசிக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள், அந்தக் காதுகள் இப்போது உன் ஒருத்தியுடையவை மட்டுமில்லை.

இப்படிக்கு,
பித்தளை


சனிக்கிழமை

அன்பே,

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. உன் கடிதம் நேற்று வந்தது. நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். என் குரல் உன் காதில் விழுந்தால் நான் சொல்ல நினைப்பதை அது சொல்லாது, வேறெதையோ உளறிவிடும். தாளில் எழுதினால் அடித்துத் திருத்தலாம். விரைவுத் தபாலில் போடுகிறேன், புதன்கிழமைக்குள் வந்துவிடும். வியாழக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். அந்தப் பெரியவரின் மனைவியை உட்காரவைத்து டாக்டர், அவர் 'டர்ன் த கார்னர்' பண்ணப் போவதில்லை, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மால் முடிந்தது என்றார். முனை திரும்ப மாட்டார். அந்தச் சீட்டு நம் வீட்டில் சமையலறைக்குத் திரும்புகிற முனையில், நான் தினமும் தோளை இடித்துக்கொள்கிற இடத்தில் இருக்கிறது. மூன்றாவது வரி, 'தேற மாட்டார்'. உனக்குத் தெரியாத வரி இல்லை. ஆனால் அந்த அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் வாய், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்னு சொல்றார் என்று சொல்லிவிட்டது. அவர் நிம்மதியாக எழுந்து, புருஷனுக்கு மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போனார். துணியோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசி நேரத்தில் பக்கத்தில் யாருமில்லை.

மறுநாள் காலை நீயே போய் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னாய். விசாரணை வியாழக்கிழமை. அவர்கள் கேட்பதற்கு முன்னால் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதியிருக்கிறாய்.

இதற்கு நான் பதில் எழுதுவதற்கு முன்னால் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன கடிதத்தில் அக்கா கொஞ்சம் அண்டர் த வெதர் என்று எழுதினேன். பொய். நீ ஊரறிய ஒட்டிவைத்த சொல்லை எடுத்து, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒரு மாதமாக அவளுக்கு வயிற்றில் வலி. ஸ்கேன் எடுத்தோம். செவ்வாய்க்கிழமை வந்து முடிவைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளை, என் அலமாரியில், அந்த எலும்புக்கூடு சீட்டுக்குப் பின்னாலேயே செருகி வைத்திருந்தேன். உனக்குத் தெரிந்தால் ஓடி வந்துவிடுவாய், ஐந்து வாரத்தில் நிரந்தரமாகப் போகிற வேலை கெட்டுப்போகும் என்று பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன அறை, ஒரு ஜன்னல். பழக்கதோஷத்தில் ஜன்னல் கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தேன், ஓரத்தில் பசை சரியாகப் பூசவில்லை. இந்த ஊரில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நேரில் இல்லாததால் மேஜையில் ஒரு போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டார்கள். ஒரு தம்பியின் குரல் வந்தது. தன் பெயரில்லாமல் ஓர் எண்ணைச் சொல்லி, இங்கே பேசுகிற எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் சொல்வேன் என்று ஆரம்பித்தது. நான் எங்கே அதைக் கேட்டேன்? டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நல்ல சேதி எதுவும் தெரியவில்லை.

அக்கா பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று நான் போன்மேல் குனிந்து, ஏதோ அது அந்தத் தம்பியின் காது என்பது போல வாயைப் பொத்திக்கொண்டு, தம்பி, டாக்டர் எது சொன்னாலும் அக்காகிட்ட கொஞ்சம் குறைச்சுச் சொல்லுப்பா, கெட்டதை விட்டுடு, நான் அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கறேன் என்றேன்.

உனக்கு இப்போதே தெரிந்திருக்கும் என்ன நடந்ததென்று. பதினோரு மாதமாக உன் கடிதத்தைப் படித்து, சட்டத்தை மனப்பாடம் செய்து, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன் என்று பீற்றிக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் புருஷன் நான். அந்தத் தம்பி ஒரு நொடி தயங்கவில்லை. நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல், 'நான்' என்று ஆரம்பித்து, இங்கிலீஷில் டாக்டரிடம் சொன்னான். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சொன்ன பதிலை அதே குரல் தமிழில் அறை முழுக்கக் கேட்கச் சொன்னது. உங்க அக்காவோட உடம்பைப் பத்தி அவங்ககிட்ட நான் எதையும் மறைக்க முடியாது, வேணாம்னு அவங்களே சொன்னாத்தான் உண்டு.

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா போன பிறகு அந்தப் பார்வையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், விளக்குக் கண்ணாடிய உடைச்சா மேல ஒரு துணியப் போட்டு மூடி வைப்பான், நாங்கதான் கையக் கிழிச்சுக்குவோம், நீங்க எனக்குச் சொல்லுங்க என்றாள். தம்பி அதையும் சொன்னான், துணி உட்பட. டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எந்தப் பக்கம் போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அப்புறம் சொன்னார்கள். வயிற்றில் கட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன், அதற்குப் பிறகு ஆறு மாதம் மருந்து. டாக்டர் பேசும்போது என் காதிலும் ஒன்று தனியாக விழுந்தது, 'நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ்'. ஜன்னலோரப் பூந்தொட்டியில் நீ குத்தி வைத்த சீட்டு. 'காட்டைத் தாண்டவில்லை', மூன்றாவது வரி 'கண்டம் தாண்டலை'. அந்தத் தம்பி என்ன சொல்லப் போகிறானென்று காத்திருந்தேன். போனில் ஒரு சின்ன அமைதி. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் இருக்கும். பிறகு குரல் வந்தது, ஆபரேஷன் முடிஞ்சாலும் கண்டம் தாண்டிட்டோம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா தாண்டறதுக்கு வழி இருக்கு.

அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் நீ அன்றைக்குத் தடுக்கி விழுந்தாய். நேற்று உன் கடிதத்தைப் படித்தபோது அது எனக்குப் புரிந்தது. அதற்கு முந்தின வாரம் படித்திருந்தால் புரிந்திருக்காது.

அக்கா கேட்டாள், அப்போ அடுத்த வருஷம் நான் இருப்பேனா என்று. இவ்வளவு சாதாரணமாக, கடையில் அளவு கேட்பதுபோலக் கேட்டாள். போனிலிருந்து அந்தத் தம்பி, முப்பது வயதுகூட இருக்காது, இங்கிலீஷில் கேட்டான், அடுத்த வருஷம் நான் இருப்பேனா? அவன் குரல் அவளுடைய 'நான்' என்பதைச் சொன்னது. உன்னை நினைத்துக்கொண்டேன். இதைத்தானே காலையிலிருந்து சாயங்காலம் வரை செய்துகொண்டிருக்கிறாய். என் குழந்தை பிழைக்குமா, என் கால் போய்விடுமா, எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று யார் யாராகவோ இருந்து கேட்கிறாய். பிறகு டாக்டராக மாறி, அதற்குப் பதிலும் நீயே சொல்லிக்கொள்கிறாய். சாயங்காலம் வாயில் சொந்தப் பேச்சு மிச்சமில்லை என்றாயே, அதை நான் அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் நல்லா மாட்டின கண்ணாடி மாதிரி இருக்கணும், நடுவுல ஒண்ணு இருக்கறதே தெரியக் கூடாதுன்னு எங்க வகுப்புல சொன்னாங்க, உங்க தொழில்தாங்க என்னுதும் என்று ஒருமுறை எழுதியிருந்தாய். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி மாட்டுகிறேன், இப்போது சொல்கிறேன் கேள். கண்ணாடிக்கு வலிக்காது. உனக்கு வலிக்கிறது. வலித்துக்கொண்டே பதினோரு மாதம் பிசகாமல் நின்றிருக்கிறாய், ஒரு நாள் பிசகிவிட்டாய்.

பிசகியது பிசகியதுதான். இதில் நான் பூசி மெழுகப் போவதில்லை, துணி போட்டு மூடுகிற வேலையை அக்கா நிறுத்தச் சொல்லிவிட்டாள். நீ செய்தது தப்பு. அந்த அம்மா தன் புருஷன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நேரத்தை நீ அறியாமல் பறித்துவிட்டாய். கருணையால்தானே சொன்னாய் என்று நான் எழுதினால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவாய், போட வேண்டும். நானும் கருணையால்தான் போன்மேல் குனிந்தேன்.

ஆனால் ஒன்றை நீயே கவனிக்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நீ ஒருத்திதான். டாக்டருக்கு நீ தமிழில் சொன்னது தெரியாது, அந்த அம்மாவுக்கு டாக்டர் சொன்னது தெரியாது. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உலகத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஐந்து வாரம் கழித்து நிரந்தர வேலையோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். நீயாகப் போய், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னாய். லாயக்கில்லாதவள் செய்கிற காரியமா அது? எனக்கு அந்த தைரியம் இருந்திருக்காது என்று எனக்கே தெரியும். உன்னோடு பதினேழு வருஷம் இருந்துவிட்டு உன்னை இவ்வளவு தாமதமாக அண்ணாந்து பார்க்கிறேன்.

துண்டு மாட்டும் கம்பியில் நீ ஒட்டின சீட்டை இன்று காலை பார்த்தேன். 'துண்டைத் தூக்கிப் போடுவது'. குத்துச்சண்டையில் தோற்றுவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிறவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று எனக்கு நீதான் சொன்னாய். மூன்றாவது வரிக்கு முதலில் 'துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடறது' என்று எழுதினாய். பிறகு, இல்ல, இது பயந்து ஓடறது, அது தோத்தேன்னு சொல்லிட்டு நிக்கறது, ரெண்டும் வேற என்று அடித்துவிட்டாய். அதற்குப் பதில் இன்றுவரை ஒன்றும் எழுதவில்லை, இடம் காலியாக இருக்கிறது. நீ வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறினால் அந்த அடித்த வரிதான் உனக்குப் பொருந்தும்.

ஆகவே வியாழக்கிழமை போ. அவர்கள் முன்னால் உட்கார்ந்து, 'நான்' என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல். இத்தனை மாதத்தில் அந்த ஒரு தடவையாவது அந்த 'நான்' நீயாகவே இருக்கட்டும். அந்த அம்மாவைப் பார்க்க அனுமதி கேள். அவர் சம்மதித்தால் அவரிடமும் போய்ச் சொல். திட்டினால் வாங்கிக்கொள், அது உனக்கு வந்த திட்டு. அவர்கள் உன்னை வேண்டாம் என்றால் வா, பஸ் நிலையத்தில் நிற்பேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அவர்கள் போகச் சொல்லாதவரை நீயாகப் போகாதே. எங்கேயோ ஒரு அக்கா பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாள், அவளுடைய தம்பி உன்மேல் குனிவான். அப்போது அந்த ஒரு மூச்சு எவ்வளவு நீளம் என்று தெரிந்த ஒருத்தி அங்கே இருக்க வேண்டும்.

நான் அங்கே வேண்டாமா என்று கேட்காதே. அடுத்த மாதம் ஆபரேஷன் அறை வாசலில் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. வா என்று இந்தத் தாளில் மூன்று இடத்தில் எழுதி மூன்று இடத்திலும் அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஆபரேஷன் அன்றைக்கு மட்டும் இரண்டு நாள் லீவு கேட்டு வந்துபோ, அது போதும். மீதி நாளைக்கு உன் சீட்டுகள் இருக்கின்றன, அக்காவும் நானும் சமாளித்துக்கொள்வோம்.

நீ முதல் பரீட்சைக்குக் கிளம்பிய அன்று, பஸ் நகரும்போது நான் ஜன்னலுக்குப் பின்னாலேயே ஓடி, அவர்கள் வாழ்த்துகிற 'பிரேக் எ லெக்'கைத் தமிழாக்கி, உன் கால் ஒடியட்டும் என்று கத்தினேனே, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னை அடிக்க வருவதுபோலப் பார்த்தார்களே. இப்படியும் ஒரு வாழ்த்தா என்று அன்று சிரித்தோம். வியாழக்கிழமைக்கும் அதையே சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தடவை மெதுவாக.

இப்படிக்கு,
உன் சிஷ்யன்

பின்குறிப்பு: ஒன்று விட்டுப்போயிற்று. செவ்வாய்க்கிழமை எல்லாம் பேசி முடித்து எழும்போது அக்கா அந்தப் போன் பக்கம் குனிந்து, தம்பி, ஒளிக்காம சொன்னியே, நீ நல்லா இருக்கணும்ப்பா என்றாள். தம்பி என்ன செய்வான் பாவம், சட்டம் சட்டம்தானே, அதையும் இங்கிலீஷில் டாக்டருக்குச் சொல்லிவிட்டான். டாக்டர் தனக்குத்தான் என்று நினைத்து நன்றி சொன்னார். அந்த நன்றியை அவன் தமிழில் எங்களுக்குச் சொன்னான், போன் அணைந்துவிட்டது. அந்த வாழ்த்து அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. பதினோரு மாதத்தில் உனக்கு வந்த வாழ்த்து எத்தனை இப்படி டாக்டர்களிடம் போயிருக்கும் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அக்கா புலம்பினாள். நேற்று உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன், முழுவதும், எதையும் விடாமல். பிறகு இதை எழுதச் சொன்னாள். நான் சொல்லவில்லை, அவள் சொல்கிறாள்:

நீ நல்லா இரும்மா.

இதற்கு இரண்டாவது வரியும் வேண்டாம், மூன்றாவது வரியும் வேண்டாம். யாருக்கும் மாற்றிச் சொல்லாதே. நீயே வைத்துக்கொள்.